பாலத்தடியில் நாலு மருந்து

எங்கள் கடையில் எந்த மெஷினுக்கும் ஒரு பழுதுக் கொப்பி உண்டு. போட்டோ கொப்பி மெஷினுக்கு ஒன்று, ஃபேக்ஸுக்கு ஒன்று, இரண்டு கொம்பியூட்டருக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. எது எப்போது நின்றது, நிற்குமுன் என்ன சத்தம் போட்டது, யார் வந்து திருத்தினார் என்று தேதி போட்டு அதில் எழுதியிருக்கும். இந்த ஒழுங்கெல்லாம் என்னுடையது அல்ல. மெஷின் நின்றால் எனக்கு அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டத்தான் தெரியும். கொப்பி போட்டவள் சந்திரகாந்தா.

மாத்தளை டவுனில் பள்ளிவாசலுக்குப் போகிற ஒழுங்கையில் என் கடை. பெயர்ப்பலகையில் 'ஹமீமா கொமினிகேஷன்' என்று இருந்தாலும் சனங்கள் 'டைப் அடிக்கிற கடை' என்றுதான் சொல்வார்கள். என் கணவர் அப்துல் ஸமத் கட்டாருக்குப் போன வருடம் சந்திரா என்னிடம் வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இந்தக் கதை நடந்த 2008இல் முப்பத்திரண்டு. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராவில் அம்மா நல்லம்மாவோடு இருந்தாள். காலையில் முக்கால் மணித்தியாலம் மலையிறங்கி வந்து பஸ் பிடிப்பாள். எட்டரைக்குக் கடைக்கு வந்தவுடன் செருப்பைக் கழுவி வாசலில் சாய்த்து வைப்பாள். பிறகு வாயைத் திறக்காமல் வேலை.

அவளுக்கு மூன்று மொழியிலும் டைப் அடிக்க வரும். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அடையாள அட்டை தொலைந்தது, கொழும்பில் பிடிபட்ட மகனைப் பார்க்க அனுமதி என்று தோட்டத்துச் சனம் கொண்டுவரும் துயரமெல்லாம் அவள் கைவழியாகத்தான் கடிதமாகும். நான் அழுதுவிடுவேன். அவள் அழமாட்டாள். “'தயவுடன்'னு போடவா, 'தாழ்மையுடன்'னு போடவா?” என்று மட்டும் கேட்பாள். கல்மனசுக்காரி என்று அவளை நான் நினைத்த காலமும் உண்டு. அந்த நினைப்பை மாற்றியது ஒரு கொம்பியூட்டர் கேம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்த சிடியைக் கொண்டுவந்தவன் மக்கள் வங்கி முடக்கில் சிடி விற்கிற சாலிஹ். படம், பாட்டு, கேம் எல்லாம் கள்ளக் கொப்பிதான். உறையில் ஒரு வாள்வீரன், பின்னால் எரிகிற கோட்டை. ஓய்ந்த பிற்பகல்களில் வாடிக்கையாளருக்கு விளையாடக் கொடுக்கலாம் என்று வாங்கினேன். வாங்கிய வாரமே அது அங்கங்கே நின்றுபோனது. திருப்பிக் கொடுக்கப் போனால் சாலிஹ் என்னையே மடக்கினான்.

“எங்க நிக்கிது, எப்படி நிக்கிதுன்னு தெரியாம நான் எப்படி மாத்தித் தார தாத்தா? பிழைய எழுதிக்கொண்டு வாங்க.”

நாங்கள் முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். அவன் தாத்தா என்று குழைந்தால் ஏமாற்றப் போகிறான் என்று அர்த்தம். நான் சந்திராவிடம் சொன்னேன், இதற்கும் ஒரு கொப்பி போடு என்று. அவள் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதத் தொடங்கினாள். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரிக் குறுக்கே விழுந்தேன். “சாலிஹுக்கு இங்கிலீஷும் தெரியா, ஒரு மண்ணும் தெரியா. தமிழ்ல எழுதுடி.” அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப எடுத்து விழுங்கப் பார்த்திருக்கிறேன்.

பிழையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் விளையாட வேண்டும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கிற அரை மணித்தியாலத்தில் சந்திரா விளையாடினாள். காணாமல் போன தங்கையைத் தேடி ஊர் ஊராகப் போகிற ஒரு வாள்வீரன். போகிற வழியில் பேய் பிசாசுகளை வெட்ட வேண்டும், வெட்ட வெட்ட அவனுக்குப் பலம் கூடும். ஒவ்வொரு ஊர் முடிவிலும் ஒரு பெரிய அரக்கன். அவனைக் கொன்றால்தான் அடுத்த ஊர்க் கதவு திறக்கும். இவ்வளவுதான் விஷயம். எனக்கு அதைப் பார்த்தால் தலை சுற்றும்.

சந்திராவுக்குச் சுற்றவில்லை. கொப்பியும் நிரம்பியது. அரக்கன், பிசாசு என்றெல்லாம் எழுத அவளுக்குக் கூச்சம் போலும், எல்லாவற்றுக்கும் தோட்டத்துப் பெயர் வைத்தாள். பிசாசுகளைச் சவுக்கால் அடித்து ஓட்டி வருகிறவன் கங்காணி. இடையில் வருகிற அரக்கன் சின்ன தொரை. கடைசியில் வருகிறவன் பெரிய தொரை. மலைமேல் ஊர் மேக்கணக்கு, பள்ளத்து ஊர் கீழ்க்கணக்கு. வீரன் அடிபட்டு விழும்போது குடிக்கிற சிவப்புப் போத்தலுக்கு மருந்து என்று பெயர். வேறென்ன பெயர் வைப்பது?

முறைப்பாடு எழுதச் சொன்னால் இவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒருநாள் எடுத்துப் பார்த்தேன்.

'கங்காணிமார் எல்லாருக்கும் ஒரே முகம். பிழை. வாளுக்குப் பாரம் இருக்கிறது, வீசினால் நம் கை வலிக்கிறது. இது நல்லம். குதிரை வாசலில் மாட்டிக்கொள்ளும், அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிழை. பாவம். மழை மிக நல்லம். கல்லில் விழுகிற சத்தம் வேறு, ஓலையில் விழுகிற சத்தம் வேறு. ஆனால் வீரன் நனைவதில்லை. தங்கையைத் தேடிப் புறப்பட்டவன் பாதிக் கதையில் தங்கையை மறந்துவிட்டான். இது பெரிய பிழை. கீழ்க்கணக்கில் ரொட்டி விற்கிற பெண் ஒவ்வொரு தடவையும் “நீ வந்தது நல்லது” என்று ஒரே வசனத்தைச் சொல்கிறாள். இதைத் திருத்த வேண்டாம்.'

“இது முறைப்பாடா, காதல் கடிதமா?” என்றேன்.

அவள் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். “மோசமான கேம்தான் அக்கா. பாதிய ஒழுங்காச் செய்யல. ஆனா செஞ்ச பாதிய யாரோ ஆசயா செஞ்சிருக்காங்க. அதுதான் கோவம் கோவமா வருது” என்றாள்.

பதினான்காம் பக்கத்தில்தான் முக்கியமான பழுது. அது அப்படியே எனக்குப் பாடம். 'மேக்கணக்குப் பாலம். பாலத்தடியில் நாலு மருந்து ஒளித்து வைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் பெரிய தொரை வருவார். அவரை முடிக்க, வழியில் எடுத்ததையும் சேர்த்துப் பன்னிரண்டு மருந்து வேண்டும். பாலத்தில் நிற்கிற காவல்காரனின் தலை பின்பக்கம் திரும்பும். பிறகு எல்லாம் நின்றுவிடும். ஐந்து தடவையில் மூன்று தடவை இப்படி.' பக்கத்திலேயே பாலத்துக்கும் பாதைக்கும் அழகாகப் படம் கீறி, மருந்து இருக்கிற இடத்தில் நாலு புள்ளி வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, “இத வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல எழுத்தில எழுதிக்கொண்டு வா, திங்கக்கிழமை அந்தச் சாலிஹ்ட மூஞ்சில எறிய” என்று கொப்பியை அவளுடைய பையில் திணித்தவளும் நான்தான்.

அந்தப் பின்னேரம் கடையைப் பூட்டும் நேரத்தில் பஸ் கண்டக்டர் டெலிபோன் பண்ணினார். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பை பார்த்திருக்கிறார்கள். சந்திராவின் பையில் சாப்பாட்டுப் பெட்டி, நல்லம்மாவின் சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, எடுத்த குளிசை மாத்திரை, அந்தக் கொப்பி. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் பக்கத்தைப் புரட்டினாராம். பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. பஸ்ஸில், ரயிலில் குண்டு வெடித்த வருடம் அது. தோட்டத்துப் பெயரும் தமிழ் முகமும் இருந்தால் அடையாள அட்டையை மூன்று தரம் புரட்டிப் பார்ப்பார்கள். அப்படியான நேரத்தில் ஒருத்தி பையில் பாலத்தின் படமும், பெரிய தொரையை முடிக்கப் பன்னிரண்டு மருந்து என்ற கணக்கும். எங்கள் பக்கம் கல் உடைக்கிறவர்கள் பாறைக்கு வெடி வைப்பதை 'மருந்து வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். வருத்தத்துக்குக் குடிப்பதும் மருந்து, பாறையைப் பிளப்பதும் மருந்து. சிங்களத்தில் சொல்லித் தப்பலாமென்றால் அங்கேயும் அதே கதை. குடிப்பது பெஹெத், வெடிப்பது வெடி பெஹெத்.

சனிக்கிழமை காலை நல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்திவிட்டு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். கத்துகிற மனிதர் அல்ல. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மருந்து எங்கே என்று கேட்டோம். அம்மாவின் குளிசையைக் காட்டுகிறாள்” என்றார் சிங்களத்தில். “பெரிய தொரை என்றால் யார்?”

“கேம்ல வார அரக்கன் சேர்.”

“தோட்டத்தில் பெரிய தொரை என்றால் யார்?”

தோட்ட முகாமையாளரைத்தான் சனங்கள் அப்படிச் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் அவரிடம் டெலிபோனில் கேட்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தைத் தெரியாது என்று தொரை சொல்லிவிட்டாராம். நல்லம்மா அந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவள். நான் சிங்களத்தைத் தமிழாக்கிச் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. “தெரியாதுன்னா சொன்னாரு?” என்று ஒருதரம் கேட்டாள்.

திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்பப்போவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். கொழும்புக்குப் போனால் எப்போது திரும்புவாள் என்று சொல்ல யாரும் இல்லை. எத்தனை தாய்மாருக்கு அந்தக் கடிதத்தை நாங்களே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறோம்.

“சேர், கேமைக் கொண்டுவந்து காட்டுகிறேன். உங்கள் கண்ணாலேயே பாருங்கள்” என்றேன். அவர் என்னையும் என் முக்காட்டையும் சற்றுப் பார்த்தார். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் நேரே சாலிஹிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. அவன் வெளிறிப் போய் உள்ளேயிருந்து வேறொரு சிடியை எடுத்துத் தந்தான். “இது திருத்தின கொப்பி தாத்தா. பாலத்தில நிக்காது. கடைசி மட்டும் ஓடும்.” அல்ஹம்துலில்லாஹ் என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். பொலிஸ்காரர்கள் முன்னால் அந்தச் சனியன் பாதியில் நின்று மானத்தை வாங்கக் கூடாதே என்பதுதான் என் கவலை. என் புத்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கொம்பியூட்டரைப் போர்வையில் சுற்றி, திரைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் போனேன். ஒரு மேசையைக் காட்டினார்கள். வயரெல்லாம் கொழுவி முடிய சந்திராவைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை உடுத்த அதே சட்டை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. “பல்லு வலி” என்றாள் நான் கேட்குமுன்னமே.

“புது சிடி வாங்கி வந்திருக்கிறேன் சேர், இதைப் போட்டால் நிற்காமல் ஓடும்” என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு சிடியை உருவ, சந்திரா என் கையைப் பிடித்தாள்.

“வேணாம் அக்கா. பழசே இருக்கட்டும்.”

“அது நிக்குமேடி!”

“நிக்கணும். கொப்பியில எழுதினது பழசத்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒழுங்காக ஓடுகிற கேமை வைத்து எதை நிரூபிப்பது? அவளுடைய கொப்பி முழுக்கப் பழுதுதான். அந்தப் பழுது ஒவ்வொன்றும் எழுதியபடியே நடக்க வேண்டும். புது சிடியைப் போட்டிருந்தால் அவளை நானே கொழும்புக்கு அனுப்பியிருப்பேன். சிடியைக் கைப்பைக்குள் மறைத்துவிட்டு மனதுக்குள் துஆ கேட்கத் தொடங்கினேன். யா அல்லாஹ், நின்றுபோகட்டும். ஐந்தில் மூன்று என்று எழுதியிருக்கிறாள். அந்த மற்ற இரண்டில் ஒன்றாக இன்றைக்கு இருந்துவிடக் கூடாது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் கொப்பியை விரித்துச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி வந்தார். கீழ்க்கணக்கில் தொடங்கினாள். கங்காணிமார் வந்தார்கள். “எல்லாருக்கும் ஒரே முகம்” என்றார் பொலிஸ்காரர். ஒரே முகம்தான். ரொட்டிக்காரி வந்து தன் வசனத்தைச் சொன்னாள். கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். குதிரை வாசலில் போய் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற இளம் கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன தொரையோடு சண்டை வந்தபோது அவன் தன்னை மறந்து “இடப்பக்கம், இடப்பக்கம்!” என்று கத்தினான். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பாலம் வந்தது. சந்திரா வீரனைப் பாலத்தடிக்கு இறக்கினாள். அங்கே நாலு சிவப்புப் போத்தல் வரிசையாக இருந்தது.

“மருந்து” என்றாள் அவள். சத்தம் வரவில்லை. திரும்பவும் சொன்னாள். “இதுதான் சேர் மருந்து.”

மேலே ஏறியதும் பெரிய தொரை கொம்பும் வாலுமாக வந்தார். வெட்டினாள், அடிபட்டாள், மருந்து குடித்தாள். பொலிஸ்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எட்டு, ஒன்பது. காவல்காரன் தலை நேராகவே இருந்தது. பத்து. திரும்பவில்லை. நான் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டேன். பதினொன்று. கேம் அன்றைக்கென்று நல்லபிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாழ்பட்ட சாமானை நான் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்ததில்லை.

பன்னிரண்டாவது மருந்தைக் குடித்தபோது காவல்காரனின் தலை மெல்லப் பின்பக்கம் திரும்பியது. திரை அப்படியே உறைந்தது.

“பிறகு எல்லாம் நின்றுவிடும்” என்று பொலிஸ்காரர் கடைசி வரியை வாசித்து முடித்தார்.

இன்ஸ்பெக்டர் கொப்பியை வாங்கி மூடினார். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளைப் போகச் சொன்னார். கொப்பியைக் கேட்டேன். விசாரணை முடியும்வரை தங்களிடம் இருக்கட்டும் என்றார். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை சந்திரா வேலைக்கு வந்தாள். செருப்பைக் கழுவி வாசலில் சாய்த்தாள். கொம்பியூட்டரைப் போட்டு முதல் வேலையாக அந்தக் கேமை அழித்தாள். என்னவோ எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

“அப்ப அந்த ரொட்டிக்காரி?” என்றேன்.

“அவ அங்கயேதான் நிப்பா அக்கா. நாம வரலன்னு அவளுக்குத் தெரியாது.”

ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. கேட்கப் பயம். அவள் தமிழில் எழுதியதற்கு நான்தான் காரணம் என்று ஒருநாள் அழுதேன். “நீங்க என்னக்கா செய்வீங்க, சாலிஹுக்கு இங்கிலீஷ் தெரியாதே” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். ஆனால் அதன்பின் எந்த மெஷினுக்கும் அவள் பழுதுக் கொப்பி எழுதவில்லை. போட்டோ கொப்பி மெஷின் நின்றால் என்னைக் கூப்பிடுவாள். நான் வந்து தலையில் இரண்டு தட்டுத் தட்டுவேன்.

அடுத்த வருடம் மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று டவுனெல்லாம் பட்டாசு வெடித்தார்கள். நாங்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேலை செய்தோம். அதற்கு ஒரு மாதம் கழித்துக் காத்தாயி என்ற கொழுந்து பறிக்கிற பெண் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்ள வந்தாள். நெஞ்சு வருத்தம் அவளுக்கு. சந்திரா வழக்கம்போல விறுவிறுவென்று அடித்து, அச்செடுத்து, என் மேசையில் வைத்தாள்.

நான் வாசித்துப் பார்த்தேன். 'தோட்ட டிஸ்பென்சரியில் எனக்கு மாதாமாதம் தரப்படும்' என்று இருந்தது. பிறகு ஒரு சொல் அளவுக்கு வெற்றிடம். பிறகு, 'இரண்டு மாதமாகக் கிடைக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.'

நிமிர்ந்து பார்த்தேன். சந்திரா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேனையை எடுத்து, அந்த இடத்தில் என் கோணல் எழுத்தால் 'மருந்து' என்று எழுதினேன்.

காத்தாயி எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, அது மட்டும் கையால எழுதுறீங்க? மெசின்ல அந்த எழுத்து இல்லீங்களா?”

“இருந்திச்சி” என்றேன். “இப்ப பழுது.”